மெதுவாகத் தூக்கிய வாரம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் டீச்சரம்மாவும் சுகமாக இருக்கிறோம். என் மனைவியை நீ அப்படிக் கூப்பிடப் போய், இப்போது எங்கள் குடியிருப்பில் காய்கறிக்காரர் வரைக்கும் அவளுக்கு அதுதான் பெயர். அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் மகள் வாலு பள்ளிக்கூடம் போகிறாளா, இல்லை உன் டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்து லாரிக்காரர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாளா?

எல்லைப் பக்கம் கைப்பேசி எடுக்காததால் நான் இன்னமும் அக்காவுக்குத் தாளில் எழுதுகிறேன் என்று சொன்னால், இங்கே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். தபால் தலை எங்கே விற்கிறது என்று போன வாரம் ஒரு பெரிய அதிகாரியே என்னிடம் கேட்டார்.

ஒரு செய்தி. என்னைப் புதிய அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நம் நாடு, உங்கள் எல்லைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடு, அதற்கும் அப்பால் கடலே இல்லாத மூன்றாவது நாடு, மூன்றும் சேர்ந்து நம் துறைமுகத்திலிருந்து ஒரே சாலை போடப் போகின்றன. அதற்கான இணைப்புச் சாலைச் செயலகத்தில் நான் அறிக்கை தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். மேசையில் மூன்று சின்னக் கொடிகள். எது நடுவில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவே ஒரு கூட்டம் நடந்தது.

அடுத்த மாதம் உங்கள் யார்டுக்கு ஓர் ஆள் வருவார். ஒரு லாரியிலிருந்து இன்னொரு லாரிக்குச் சரக்கு மாற்ற எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து அளப்பார். அவருக்கு ஒரு நாற்காலியும் கொஞ்சம் நிழலும் ஏற்பாடு செய்து கொடு. அத்தானிடமும் சொல்லி வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 24

என் அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அத்தானின் முட்டி தவிர. அதற்கு மட்டும் தனியாக நலம் விசாரித்து எழுதினால் சந்தோஷப்படும். வாலு பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலம் வந்து என் ஜன்னலில் உட்கார்ந்து, "அங்கிள், உங்க லாரிக்கு முன்னாடி ஏழு லாரி இருக்கு, தூங்கிட்டு வாங்க" என்று எனக்குப் பதிலாக டோக்கன் கொடுக்கிறாள். வாய் அப்படியே உன்னுடையது.

மூன்று கொடியைப் பற்றி அத்தானிடம் சொன்னேன். "கொடிக்கே ஒரு கூட்டம்னா சாலை எப்ப வரும்?" என்று சிரித்தார்.

யார்டு நீ பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. நம் லாரி அந்தப் பக்கம் போகக்கூடாது, அவர்கள் லாரி இந்தப் பக்கம் வரக்கூடாது. இரண்டும் எல்லைக் கோட்டருகே பின்பக்கமாக வந்து முட்டிக்கொள்ளும். நடுவில் பலகை. நம் ஆட்கள் பாதிப் பலகை வரை தூக்கிப் போவார்கள், அங்கிருந்து அவர்கள் ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள். மூட்டை கீழே படாமல் தோளிலிருந்து தோளுக்கு மாறுவதைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பக்கத்து மேஸ்திரி மீசைக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே. உன்னைக் கேட்டார். "நம்ம பையன் ஆபீசர் ஆயிட்டானா? அப்ப இனிமே நம்ம ஆளு மேல இருக்கான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அளக்க ஆள் வருகிறார் என்றதும் யார்டு முழுக்க ஒரே பேச்சு. அப்பா இருந்தபோது இப்படித்தான் ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார், அடுத்த மாதமே மூட்டைக்குக் கூலி ஏறியது. ஞாபகம் இருக்கிறதா? இதுவும் கூலிக்காகத்தானே? உனக்குத் தெரிந்திருக்குமே, எழுது.

நாற்காலி போடுகிறேன். குடையும் நட்டு வைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. டீச்சரம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே குளிர் குறைந்துவிட்டது. டீச்சரம்மாவுக்குத் தேர்வுத் தாள் திருத்தும் வேலை, வீட்டில் இப்போது சிவப்பு மையைத் தவிர வேறு பேச்சில்லை. அத்தானின் முட்டிக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகள்.

அளக்க வருபவர் இருபதாம் தேதிக்கு மேல் அங்கே இருப்பார். நல்ல மனிதர், கொஞ்சம் சங்கோஜி. வெயில் தாங்காது அவருக்கு.

ஆய்வு எதற்கு என்று கேட்டிருந்தாய். அதைப் பற்றி நான் எதுவும் எழுத முடியாது, அக்கா. வெளியில் சொல்ல மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். நீ புரிந்துகொள்வாய்.

மீசை மேஸ்திரிக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

மார்ச் 6

என் தங்கமான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் ஏகத்துக்கு நலம். இத்தனை நாள் சிரிப்பு அடங்காமல் இருந்தேன், அதனால்தான் தாமதம்.

நீ புரிந்துகொள்வாய் என்று எழுதினாயே, புரிந்துகொண்டோம்! வாயைத் திறக்க முடியாது என்று ஒருவன் சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்? அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "தம்பி கண்ணடிச்சிட்டான்" என்றார். அன்று மாலையே மீசையும் அத்தானும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பேசி முடித்துவிட்டார்கள். ஒரு லோடுக்கு எவ்வளவு நேரமாகிறதோ, அதை வைத்துத்தான் கூலி போடுவார்கள். அப்பா காலத்திலும் அதுதான் நடந்தது. அதனால் அந்த ஒரு வாரம் மட்டும் யாரும் அவசரப்படக்கூடாது.

அடேயப்பா, நீ பார்த்திருக்க வேண்டும். நம் ஆட்களிலேயே வேகமானவன், எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர், அவன் ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி நடந்தான். தார்ப்பாயை அவிழ்க்க ஒரு டீ, மடிக்க ஒரு டீ. மடிப்பு சரியில்லை என்று மறுபடி பிரித்து மடித்தார்கள். அந்தப் பக்கம் மீசை, "பலகையைக் காணோம், பலகையைக் காணோம்" என்று எல்லோரையும் தேட விட்டார். அவர் உட்கார்ந்திருந்ததே பலகை மேல்தான். காலையில் முட்டிக்கொண்ட லாரிகள் இருட்டும் வரை பிரியவில்லை. சாதாரண நாளில் வெயில் ஏறுவதற்குள் முடிகிற வேலை!

கடிகாரக்காரர் பாவம், குடைக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டு எழுதினார் எழுதினார், அப்படி எழுதினார். மூன்றாம் நாள் என் ஜன்னலுக்கு வந்து, "ஏம்மா, தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார். நான் முகத்தை வைத்துக்கொண்டு, "இல்ல சார், நீங்க வந்திருக்கீங்கன்னு இந்த வாரம் கொஞ்சம் வேகமா செய்றாங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் உன் காதுக்கு மட்டும். ஆனாலும் உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நாளைக்கு அந்தக் கணக்கு உன் மேசைக்கு வந்தால் எது நிஜம், எது நடிப்பு என்று நீ அறிந்திருக்க வேண்டும் இல்லையா? தம்பிக்கு எழுதிவிட்டேன், அவன் பார்த்துக்கொள்வான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கூலி எவ்வளவு ஏறும்? ஒரு சொல்லாவது எழுது. ஊமையாக இருக்காதே.

அக்கா

*

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உன் கடிதம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. வேலை மென்னியைப் பிடிக்கிறது. இந்த மாத நடுவில் மூன்று நாட்டு அமைச்சர்களும் கலந்துகொண்ட கூட்டம் நடந்தது. தூக்கம் சரியாக இல்லை, வேறு ஒன்றுமில்லை. டீச்சரம்மா நலம்.

அத்தானின் முட்டி எப்படி இருக்கிறது? நான் ஒன்று கேட்டால் தப்பாக நினைக்காதே. இந்தத் தூக்கும் வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யலாம் என்று அத்தான் எப்போதாவது நினைத்திருக்கிறாரா? கடைசிக் காலத்தில் அப்பா நிமிர்ந்து நின்று நான் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் என்னோடு பேசினார். மனிதன் மூட்டை சுமக்கிற காலம் முடிந்தால் நல்லது என்று அடிக்கடி தோன்றுகிறது.

வாலுவுக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி

*

மே 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உடம்பு எல்லோருக்கும் பரவாயில்லை. பென்சில் வந்தது. வந்த அன்றே டோக்கன் அத்தனையிலும் பூ வரைந்துவிட்டாள், லாரிக்காரர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள்.

உனக்கு என்ன உடம்புக்கு? தூக்கமில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டு வேறு ஒன்றுமில்லை என்றால் நான் நம்ப வேண்டுமா? சின்ன வயதிலும் இப்படித்தான், எதையாவது உடைத்துவிட்டால் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொள்வாய். டாக்டரைப் பார்.

டீச்சரம்மா தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தாள். உன்னைத் துணைச் செயலாளர் ஆக்கிவிட்டார்களாம். கூட்டம் முடிந்த மறுவாரமே ஆயிற்றாம். எங்களிடம் சொல்ல உனக்கு என்ன வெட்கம்? யார்டில் அன்று எல்லோருக்கும் அத்தான் டீ வாங்கிக் கொடுத்தார். மீசை கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கை தட்டினார்.

அத்தான் வேறு வேலை பற்றி நினைத்தாரா என்று கேட்டாய். கேட்டேன். "முட்டிக்குத்தான் வயசாச்சு, எனக்கு ஆகல" என்றார். அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அப்பாவுக்கு முதுகுதான் வளைந்தது, யாரிடமும் போய் நிற்கவில்லை. உன் படிப்பு அந்த முதுகில் ஏறித்தான் வந்தது. மூட்டைக்கு ஒரு இயந்திரம் கொடுங்கள் என்று சொல், நான் முதல் ஆளாகக் கை தட்டுகிறேன்.

கூலி விஷயத்தை நீ சொல்லவே இல்லை. எக்ஸ்பிரஸ் தினமும் கேட்கிறான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, கூலி ஏறியதும் தேதி வைக்கலாம் என்று காத்திருக்கிறான். கையெழுத்துப் போட்டது தெரியும். நல்ல செய்தி என்றால் ஒரு கோடாவது போடு, புரிந்துகொள்கிறோம்.

பால் குடித்துவிட்டுப் படு.

அக்கா

*

ஜூன் 20

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு நானே மறுபடி எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே யாருக்கும் மனசு சரியில்லை.

போன வாரம் ஒரு லாரிக்காரர் நாலு நாள் பழைய பேப்பரைக் கொண்டு வந்து ஜன்னலில் போட்டார். "அக்கா, உங்க கடையச் சாத்துறாங்க போலிருக்கே" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பேப்பரில் முதல் பக்கத்தில் மூன்று கொடியும் இருந்தன. துறைமுகத்திலேயே லாரிக்கு சீல் வைத்துவிடுவார்களாம். எந்த எல்லையிலும் நிற்காமல், யாரும் தொடாமல், கடைசி வரை அதே லாரி போகுமாம். சாலை முடியும் வரை காத்திருக்காமல், அடுத்த ஜனவரியிலிருந்தே யார்டு கிடையாது.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது. அதை வாலுவை விட்டுப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன், என் கண்ணில் கோளாறோ என்று. யார்டை மூடாமல், கூரையும் கிரேனும் போட்டு, நம் ஆட்களையே மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது என்று இன்னொரு திட்டமும் இருந்ததாம். "ஒரு லாரி மாற்ற ஒரு பகல் முழுவதும் ஆவது ஆய்வில் தெரியவந்ததால்" அதைக் கைவிட்டுவிட்டார்களாம்.

ஒரு பகல் முழுவதும்! அது எங்கள் நடிப்பு அல்லவா? அந்த வாரம் மட்டும் ஆடிய கூத்து அல்லவா? எங்கள் தலையில் நாங்களே கல்லைப் போட்டுக்கொண்டோமே!

சரி, தப்பு எங்களுடையது. ஆனால் நீ அங்கேதான் இருக்கிறாய், இப்போது பெரிய பொறுப்பில் வேறு இருக்கிறாய். ஒன்றே ஒன்று செய். மறுபடி அளக்கச் சொல். ஒரு வாரம் வேண்டாம், ஒரே ஒரு லோடு. ஜூலை முதல் திங்கட்கிழமை காலையில் உன் அலுவலகத்திலிருந்து யாராவது இரண்டு பேர் வரட்டும். நிஜமாக எவ்வளவு நேரமாகிறது என்று கண்ணால் பார்க்கட்டும். மீசையும் அந்தப் பக்கத்து ஆட்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நீயே வந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்து எத்தனை நாளாகிறது!

உடனே எழுது.

அக்கா

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் இரண்டு கடிதங்களும் என் மேசையில் இருக்கின்றன. நீ கலங்கியிருப்பது தெரிகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கடல் இல்லாத அந்த நாட்டுக்குப் போன வருடம், பழைய அலுவலகத்தில் இருந்தபோதே, நான் போயிருந்தேன். அங்கே ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டைச் சுற்றிக் காட்டினார்கள். ஊசி மருந்து குளிர் போய் வீணாகிவிடுகிறது, எல்லையில் கை மாறுவதற்குள் பாதி கெட்டுவிடுகிறது என்று அந்த டாக்டர் அம்மா சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அலுத்துப் போன குரலில், "எங்களுக்குக் கடல் இல்லாதது எங்க தப்பா சார்?" என்று மட்டும் கேட்டார். இந்தச் சாலை வந்தால் அந்த வார்டுக்கு மருந்து கெடாமல் போகும். காய்கறி அழுகாமல் போகும். மூன்று நாட்டிலும் எத்தனையோ பேருக்கு வேலை கிடைக்கும். இது ஒரு யார்டைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று அரசாங்கங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு எண்ணை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பாமல் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனாலும் உன் கோரிக்கையை மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

ஜூலை 18

தம்பிக்கு,

நலமா? இங்கே அத்தான் படுத்திருக்கிறார். முட்டி பானை மாதிரி வீங்கிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை நடந்ததை எழுதுகிறேன். பேசிப் பார்க்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய், அது போதும் எங்களுக்கு. விடியும்போதே குடையை நட்டு, அதன் கீழே இரண்டு நாற்காலி போட்டேன். என் வீட்டு நாற்காலிதான், துடைத்துப் போட்டேன். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து மூடினேன். வாலு ஓடிப் போய் உட்காரப் பார்த்தாள், அதட்டி எழுப்பினேன்.

லாரிகள் வந்து முட்டி நின்றன. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மீசை கோட்டிலிருந்து, "வரலையா?" என்று கத்தினார். "வந்துருவாங்க, தூரமில்ல?" என்றேன். வெயில் ஏறிவிட்டால் வேகம் குறையும் என்று அத்தான்தான் ஆரம்பிக்கச் சொன்னார். வருகிறவர்கள் பாதியில் வந்தாலும் பார்க்கட்டும் என்றார்.

தம்பி, நான் எத்தனையோ வருடமாக அந்த ஜன்னலில் இருக்கிறேன். அன்று பார்த்த மாதிரி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. மூட்டை தோளிலிருந்து தோளுக்குப் போய்க்கொண்டே இருந்தது, எங்கே நம் நாடு முடிகிறது, எங்கே அவர்கள் நாடு ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் ஓடினான், நடக்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அத்தானும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார். தார்ப்பாய் கட்டி முடிந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி இரண்டும் காலியாக இருந்தன.

தாமதமாக வருவார்கள் என்று அடுத்த லாரியையும் அதே வேகத்தில் மாற்றினார்கள். அதற்கு அடுத்ததையும். மூன்றாவது லாரியில்தான் அத்தான் பலகையில் சரிந்தார். மீசை கோட்டைத் தாண்டி ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். காவலுக்கு நின்றவர்கள்கூட அவரைத் தடுக்கவில்லை.

சாயங்காலம் எக்ஸ்பிரஸ் என் ஜன்னலுக்கு வந்தான். சண்டை போட வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, அப்பவே தம்பிக்கு எல்லாம் எழுதிட்டேன்னு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டான். எழுதினேன்டா என்றேன். "அப்ப அவருக்குத் தெரியும்ல?" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசாரித்ததில் உன் அலுவலகத்தில் இப்படி ஒரு கோரிக்கை வந்ததே யாருக்கும் தெரியாது என்று தெரிந்துகொண்டோம். அந்தக் கடிகாரக்காரருக்கே மீசை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்.

மருந்து கெட்டுப் போவது எனக்கும் வலிக்கிறது. நானும் பிள்ளை பெற்றவள். சாலை வரட்டும். நான் கேட்பது வேறு. மார்ச்சில் என் கடிதத்தைப் படித்தாய். ஏப்ரலில் கூட்டம் நடந்தது. அந்தக் கணக்கு பொய் என்று தெரிந்தவன் அந்த அறையில் நீ ஒருவன்தான். அன்று என்ன சொன்னாய்?

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதையும் எழுதாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். அத்தானின் முட்டி இப்போது எப்படி? இங்கே நல்ல எலும்பு டாக்டர் ஒருவரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். அழைத்து வந்தால் எங்கள் வீட்டிலேயே எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கிப் பார்த்துக்கொள்ளலாம். டீச்சரம்மாவும் அதையே சொல்கிறாள்.

இன்னொரு விஷயம். புதிய சாலையில் உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சுங்கச்சாவடி வருகிறது. அதில் காவலர் வேலைக்கு அத்தானின் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறேன். மாதச் சம்பளம், சீருடை, நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. எதையும் தூக்க வேண்டியதில்லை. வாலுவின் படிப்புக்கும் சலுகை உண்டு. விண்ணப்பத்தை நிரப்பி என் பெயருக்கே அனுப்பினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை மற்றவர்களிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் செய்ய முடியாது.

அடிக்கல் நாட்டு விழா அடுத்த மாதம். என்னைத்தான் வரவேற்புரை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் செய்தியை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே எழுதிவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, அக்கா. யாராவது கேட்பார்கள் என்று நான் கடைசி வரை காத்திருந்தேன். பக்கம் திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

உன் தம்பி

*

செப்டம்பர் 5

அனுப்புநர்:
யார்டுத் தொழிலாளர்கள், கோட்டின் இரு பக்கமும்.

பெறுநர்:
துணைச் செயலாளர் அவர்கள்,
மூன்று நாட்டு இணைப்புச் சாலைச் செயலகம்.

பொருள்: சரக்கு மாற்றும் நேரம் பற்றிய ஆய்வு தவறானது என்று தெரிவித்தலும், மறுபடி அளக்கக் கோருதலும்.

ஐயா,

பிப்ரவரி மாதம் எங்கள் யார்டில் நடந்த ஆய்வின்போது நாங்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தோம். யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. கூலி நிர்ணயத்துக்காக அளக்கிறார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஆய்வு செய்ய வந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை, அவர் பார்த்ததைத்தான் எழுதினார். இதற்குத் தண்டனை உண்டு என்றால் இரு பக்கத்தாரும் ஏற்றுக்கொள்கிறோம்.

சாலை வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. மருந்தும் காய்கறியும் கெடாமல் போய்ச் சேர வேண்டும் என்றே விரும்புகிறோம். உண்மையான நேரத்தை அளந்து, அதை வைத்து இரண்டு திட்டங்களையும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே கோரிக்கை. பார்த்த பிறகும் யார்டு வேண்டாம் என்று முடிவானால் அதை எங்கள் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்வோம்.

ஆய்வில் நடந்த தவறு, கூட்டத்துக்கு முன்பே செயலகத்தில் பணியாற்றும் ஒருவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது. அவர் பெயரை இதில் எழுதவில்லை. விசாரணை வைத்துக் கேட்டாலும் சொல்ல மாட்டோம். அது எங்கள் வீட்டு விஷயம்.

சுங்கச்சாவடிக் காவலர் வேலைக்குப் பரிந்துரைக்கப்பட்டவருக்கு அதில் விருப்பமில்லை. விண்ணப்பப் படிவம் நிரப்பப்படாமல் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.

எந்த மனுவானாலும் முதலில் தங்கள் மேசைக்கு வரும், தாங்கள் குறிப்பு எழுதி அனுப்பினால்தான் மூன்று நாட்டு உறுப்பினர்களுக்கும் போகும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பத்திரிகைகளுக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று இங்கே பலர் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்று தடுத்திருக்கிறேன். இதற்கு வேறு நகல் கிடையாது.

மனு கிடைத்ததற்கு ஒரு வரி ஒப்புகை அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
டோக்கன் கவுன்டர் பொறுப்பாளர்,
தொழிலாளர்கள் அனைவருக்காகவும்.